வெளிச்சத்தில் கூசும் டிரான்சிஸ்டர்

1975 வாக்கில், நான் கல்கத்தாவுக்கு வந்த புதிது. பகலில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. மாலையில் சாந்தினி சந்தையில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் உட்கார்ந்து தொழில் பழகுவேன். கடைக்காரரை எல்லாரும் தாதா என்றுதான் கூப்பிடுவோம். பழைய ரேடியோக்களில் கழற்றிய பாகங்களை வைத்து, பேட்டரியில் ஓடும் சின்ன ஆம்ப்ளிஃபயர் ஒன்றை நானாகவே செய்து முடித்தேன். பாட்டு வந்தது. கூடவே, அடித்தொண்டையில் யாரோ முனகுவதுபோல ஓர் உறுமலும் வந்தது.

பேட்டரியில் ஓடும் கருவியில் கரண்ட் உறுமல் எப்படி வரும்? இணைப்புகளை எல்லாம் மறுபடி பற்றவைத்துப் பார்த்தேன். போகவில்லை. அப்போது வழக்கம்போல லோட் ஷெடிங். சந்தை முழுவதும் இருண்டது. அந்த இருட்டில் உறுமல் நின்று, பாட்டு மட்டும் சுத்தமாகக் கேட்டது! ஒரு மணி நேரம் கழித்து விளக்கு வந்தது. உறுமலும் திரும்பி வந்தது.

தாதா சிரித்தபடி, குட்டிக் கண்ணாடிக் குப்பி போலிருந்த ஓ.சி.71 டிரான்சிஸ்டரைத் திருப்பிக் காட்டினார். அதன் மேல் பூசியிருந்த கறுப்புப் பெயின்ட் ஓரிடத்தில் உரிந்திருந்தது. "இது பாட்டைக் கேக்கலைப்பா, பல்பைக் கேக்குது" என்று பாதி இந்தியிலும் பாதி வங்காளியிலுமாகச் சொன்னார். நம் வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று. அதில் எரியும் பல்பு வினாடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கிறது. நம் கண்ணுக்குத் தெரியாத அந்த நடுக்கத்தை டிரான்சிஸ்டர் பார்த்துவிட்டது. ஒரு சொட்டுக் கறுப்புப் பெயின்ட் வைத்தார், விவகாரம் முடிந்தது.

அன்று முடிந்த அந்த விவகாரம் இன்று வேறு இடத்தில் தலைதூக்கியிருக்கிறது. பிளாஸ்டிக்கைப் போன்ற கரிமப் பொருள்களால் செய்யப்படும் டிரான்சிஸ்டர்கள் வெளிச்சம் பட்டால் தடுமாறுகின்றன. இங்கே ஒரு சொட்டுப் பெயின்ட் போதவில்லை. ஏன் போதவில்லை, அதற்கு என்ன செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள 150 ஆண்டுக் கதை ஒன்றைப் பார்க்க வேண்டும். நாம் வாழும் இந்த ஊருக்கும் அதில் ஒரு முக்கியமான இடம் உண்டு.

செலினியமும் கலீனாவும்

கடலடித் தந்திக் கம்பிகள் போடப்பட்ட காலம். கம்பியைச் சோதிக்க, மின்சாரத்தை எளிதில் விடாத ஒரு பொருள் தேவைப்பட்டது. வில்லோபி ஸ்மித் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் செலினியம் தண்டுகளைப் பயன்படுத்தினார். அளவுகள் நிலையாக நிற்கவில்லை, மாறிக்கொண்டே இருந்தன. தண்டின் மேல் வெளிச்சம் விழும்போது அதன் மின்தடை குறைகிறது என்பது பிறகுதான் தெரிந்தது. 1873-இல் அவர் இதை 'நேச்சர்' இதழில் வெளியிட்டார். ஆக, ஒளிக்கும் குறைகடத்திக்கும் உள்ள உறவு முதலில் ஒரு தொல்லையாகத்தான் மனிதனுக்கு அறிமுகமாயிற்று.

அடுத்த அத்தியாயம் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் நடந்தது. ஜகதீஷ் சந்திர போஸ் அங்கே ரேடியோ அலைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். அலைகளை உணர்வதற்கு, ஈயமும் கந்தகமும் சேர்ந்த கலீனா என்ற கனிமப் படிகத்தை எடுத்தார். அந்தப் படிகம் ரேடியோ அலையை உணர்ந்தது. கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் உணர்ந்தது. மற்றவராக இருந்தால் 'இது என்ன தொல்லை' என்று படிகத்தை மாற்றியிருப்பார். போஸ் அதை ஒரு செயற்கைக் கண்ணாகவே பார்த்தார். 1901-இல் அவர் பெயரில் அமெரிக்காவில் காப்புரிமைக்கு விண்ணப்பம் போயிற்று, 1904-இல் கிடைத்தது. எண் 7,55,840. மின் அலைகள், ஒளி அலைகள் இரண்டையும் உணரும் கருவி என்றே அதில் எழுதப்பட்டிருக்கிறது. காப்புரிமை வாங்குவதில் போஸுக்கு விருப்பம் கிடையாது. சாரா புல், சகோதரி நிவேதிதை ஆகிய நண்பர்களின் வற்புறுத்தலால்தான் இதற்கு இணங்கினார். 1955-இல் பியர்சன், பிராட்டைன் என்ற இரு விஞ்ஞானிகள் குறைகடத்தி ஆராய்ச்சியின் வரலாற்றை எழுதியபோது, ரேடியோ அலையை உணரக் குறைகடத்திப் படிகத்தைப் பயன்படுத்தியதில் போஸுக்கே முன்னுரிமை கொடுத்தார்கள். அந்தப் பிராட்டைன் வேறு யாருமல்ல, டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்த இருவரில் ஒருவர்.

விரிசல் விட்ட சிலிக்கான்

1940 பிப்ரவரி. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ரஸ்ஸல் ஓல் என்பவர் ஒரு சிலிக்கான் துண்டைச் சோதித்துக்கொண்டிருந்தார். துண்டின் நடுவே விரிசல். அதன் மேல் விளக்கு வெளிச்சம் விழுந்தபோது, யாரும் எதிர்பாராத அளவுக்கு மின்னழுத்தம் தோன்றியது. விரிசலின் இரு பக்கத்திலும் வெவ்வேறு கலப்பு இருந்ததும், இரண்டும் சேரும் எல்லையில்தான் இந்த வேலை நடக்கிறது என்பதும் தெரியவந்தன. இன்றைய சூரிய மின்தகடு, டயோடு எல்லாவற்றுக்கும் அடிப்படையான பி-என் சந்தி இப்படித்தான் அகப்பட்டது. காட்டிக்கொடுத்தது வெளிச்சம்!

1947 டிசம்பரில் பார்டீனும் பிராட்டைனும் ஜெர்மானியத்தில் முதல் டிரான்சிஸ்டரை இயக்கிக் காட்டினார்கள். அடுத்த சில ஆண்டுகளில், 1950-இல், அதே ஆய்வுக்கூடத்தின் ஜான் ஷைவ் ஒளியால் இயங்கும் டிரான்சிஸ்டரை அறிவித்தார்.

இது ஏன் இப்படி? குறைகடத்திக்குள் எலக்ட்ரான்கள் சும்மா ஓடாது. ஒரு படியைத் தாண்டினால்தான் ஓட முடியும். அந்தப் படியின் உயரத்தை 'ஆற்றல் இடைவெளி' என்கிறார்கள். ஜெர்மானியத்துக்கு அது ஏறக்குறைய 0.66 எலக்ட்ரான் வோல்ட்; சிலிக்கானுக்கு 1.12. நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் சிவப்பின் ஒரு துகளுக்கே சுமார் 1.7 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் உண்டு. ஊதாவுக்கு 3-க்கு மேல். அதாவது, எந்த நிற ஒளியானாலும் இந்தப் படியைத் தாண்ட எலக்ட்ரானுக்குக் கை கொடுத்துவிடும். டிரான்சிஸ்டரை வேலை செய்யவைக்கும் அதே குணம்தான் அதை ஒளிக்கு ஆளாக்குகிறது. இது பிறவிக் குணம். பிடுங்கி எறிய முடியாது, சமாளிக்கத்தான் முடியும்.

பெயின்டைச் சுரண்டியவர்கள்

சமாளிப்பதில் முதல் வழி மறைப்பது. 1950-களில் வந்த ஓ.சி.71-இன் கண்ணாடி மேல் கறுப்புப் பெயின்ட் அடித்தார்கள். இதே குடும்பத்தில் பெயின்ட் இல்லாத ஓ.சி.பி.71, ஒளியை உணரும் டிரான்சிஸ்டராக அதிக விலைக்கு விற்றது. ரேடியோக்காரர்கள் விடுவார்களா? மலிவான ஓ.சி.71-ஐ வாங்கி, பெயின்டைப் பிளேடால் சுரண்டி, ஒளி டிரான்சிஸ்டராக்கிக்கொண்டார்கள். கம்பெனிக்காரர்கள் பிறகு கண்ணாடிக்குள் இருக்கும் களிம்பையே ஒளி புகாததாக மாற்றிவிட்டார்கள் என்பது அந்தக் காலத்து ரேடியோக்காரர்கள் எல்லாரும் சொல்லும் கதை.

பின்னால் சிலிக்கான் வந்தது. கறுப்புப் பிளாஸ்டிக் உறை வந்தது. எல்லாரும் இந்த விஷயத்தை மறந்தே போனார்கள். ஆனால் ஒளி மறக்கவில்லை. 1971-இல் இன்டெல் நிறுவனத்தில் டோவ் ஃப்ரோமன் உருவாக்கிய நினைவகச் சில்லில் ஒரு சின்ன ஜன்னல் இருக்கும். புற ஊதா ஒளியைக் காட்டினால் எழுதியதெல்லாம் அழியும். தற்செயலாக அழிந்துவிடக் கூடாதே என்று ஜன்னலின் மேல் ஸ்டிக்கர் ஒட்டிவைப்பார்கள். 2015 பிப்ரவரியில் இன்னொரு வேடிக்கை. புதிதாக வந்த ராஸ்பெர்ரி பை 2 என்ற குட்டிக் கணினியை ஃபிளாஷ் போட்டுப் படம் எடுத்தால், அது அணைந்து மறுபடி தொடங்கியது! அதில் ஒரு மின்வழங்கிச் சில்லுக்கு முழு உறை கிடையாது. ஃபிளாஷ் நேரே சிலிக்கானைத் தொட்டுவிட்டது. சில்லின் மேல் ஒளி புகாத களிமண் மாதிரி எதையாவது அப்பிவிடுங்கள் என்பதே பரிகாரம். சாந்தினித் தாதா வைத்த பெயின்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இதற்கு நடுவில் ஒரு படி உண்டு. 1979-இல் ஸ்காட்லாந்தின் டண்டி பல்கலைக்கழகத்தில் லெகோம்பர், ஸ்பியர், கைத் மூவரும் படிக ஒழுங்கில்லாத சிலிக்கானில் மெல்லிய படல டிரான்சிஸ்டர் செய்தார்கள். தட்டைத் திரைத் தொலைக்காட்சிகள் அதிலிருந்து வளர்ந்தன. ஆனால் திரைக்குப் பின்னால் எப்போதும் விளக்கு எரிந்துகொண்டே இருக்குமே! எனவே ஒவ்வொரு டிரான்சிஸ்டருக்கும் உலோக நிழல், மேலே கறுப்புச் சட்டம் என்று வைக்க வேண்டியதாயிற்று. லட்சக்கணக்கான குட்டிக் குடைகள் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

பிளாஸ்டிக்கில் மின்சாரம்

பிளாஸ்டிக் என்றால் மின்சாரம் பாயாது என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். 1977-இல் ஷிரகாவா, மெக்டயர்மிட், ஹீகர் மூவரும் பாலிஅசிட்டிலீனில் மின்சாரம் நன்றாகப் பாயவைக்க முடியும் என்று காட்டினார்கள். 2000-இல் அதற்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. 1986-இல் ஜப்பானின் மிட்சுபிஷி எலக்ட்ரிக் நிறுவனத்தில் சுமுரா, கோயெசுகா, ஆண்டோ ஆகியோர் பாலிதயோஃபீன் என்ற பொருளில் டிரான்சிஸ்டர் செய்தார்கள். அதில் மின்னூட்டம் நகர்ந்த வேகம், படிக சிலிக்கானோடு ஒப்பிட்டால், கோடியில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் வாசல் திறந்துவிட்டது. 1994-இல் பிரான்சில் கார்னியே குழுவினர் அச்சிடும் முறையிலேயே பாலிமர் டிரான்சிஸ்டர் செய்து காட்டினார்கள். 1990-களின் பிற்பகுதியில் பென்டசீன் என்ற பொருள் தொலைக்காட்சித் திரை சிலிக்கானுக்குச் சமமாக ஓடத் தொடங்கியது.

இதனால் என்ன பயன்? சிலிக்கான் செய்ய மிக உயர்ந்த வெப்பமும் பெரும் தொழிற்சாலையும் வேண்டும். கரிமப் பொருளைக் கரைத்து, மை மாதிரி, பிளாஸ்டிக் தாளின் மேல் அச்சிடலாம். வளையும், சுருட்டலாம். 2013-இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் சோமேயா குழுவினர் சதுர மீட்டருக்கு 3 கிராம் எடையே உள்ள கரிம மின்சுற்றைக் காட்டினார்கள். கசக்கினாலும் வேலை செய்தது. மருந்துப் பெட்டியின் மேல் வெப்பம் காட்டும் ஒட்டி, தோலில் ஒட்டி உடல்நிலை பார்க்கும் தாள் என்று கனவுகள் விரிந்தன.

ஒரு குழப்பத்தை இங்கே தீர்த்துவிட வேண்டும். கையில் இருக்கும் 'ஓலெட்' செல்பேசித் திரையில் ஒளி தருவது கரிமப் பொருள்தான். ஆனால் அதை ஓட்டும் டிரான்சிஸ்டர்கள் சிலிக்கான் அல்லது உலோக ஆக்சைடு. கரிம டிரான்சிஸ்டர் இன்னும் அந்த அளவுக்குச் சந்தைக்கு வரவில்லை. காரணங்கள் பல. அவற்றில் ஒன்றுதான் நம் கட்டுரையின் பொருள்.

மூன்று வகைத் தொல்லை

கரிம டிரான்சிஸ்டரில் ஒளி மூன்று விதமாகத் தொல்லை கொடுக்கிறது. முதலாவது, சாந்தினியில் நான் கேட்ட உறுமல் மாதிரி: ஒளி படும்வரை மின்னோட்டம் கூடும், ஒளி போனால் குறையும்.

இரண்டாவது விவகாரமானது. ஒளி விழுந்ததும் ஓர் எலக்ட்ரானும் அது விட்டுப்போன 'துளை'யும் ஜோடியாகப் பிறக்கின்றன. இரண்டும் பிரிந்த பிறகு துளை ஓடிவிடுகிறது. எலக்ட்ரானோ, பக்கத்தில் இருக்கும் மின்காப்புப் படலத்தின் மேற்பரப்பில் சிக்கிக்கொள்கிறது. கண்ணாடி போன்ற சிலிக்கான் ஆக்சைடின் மேல் ஒட்டியிருக்கும் ஹைட்ராக்சில் தொகுதிகள் அதற்குப் பொறி. இதை 2005-இல் கேம்பிரிட்ஜில் தெளிவாகக் காட்டினார்கள். சிக்கிய எலக்ட்ரான் மேலும் துளைகளை இழுத்துக்கொண்டே இருக்கும். விளக்கை அணைத்துவிட்டாலும் டிரான்சிஸ்டர் 'அணைய' மறுக்கிறது. சில சமயம் மணிக்கணக்கில். கதவைச் சாத்திய பிறகும் தாழ்ப்பாள் விழாத கதை.

மூன்றாவது நிரந்தரச் சேதம். ஒளியும் காற்றின் ஆக்சிஜனும் சேர்ந்தால் பென்டசீன் மூலக்கூறே மாறிப்போகிறது. கரைசலில் இருந்தால் சில நிமிடங்களிலேயே அதன் நிறம் வெளுத்துவிடும். வெயிலில் காயப்போட்ட சாயத்துணி நினைவுக்கு வரவில்லையா?

என்ன வைத்தியம்?

பெயின்ட் அடித்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். அடிக்கலாம், அடிக்கவும் செய்கிறார்கள். ஆனால் ஒளி பிளாஸ்டிக் தாளுக்குள் பக்கவாட்டிலும் பிரதிபலித்து ஊர்ந்து வரும். மேலும் கீழும் மறைக்க, ஒவ்வோர் அடுக்கும் எடையையும் செலவையும் கூட்டும். கண்ணாடி போலத் தெரிய வேண்டிய கருவிக்கு மறைப்பே ஆகாது. ஆகவே பரிகாரத்தைப் பொருளுக்குள்ளேயே தேட வேண்டியதாயிற்று.

முதல் வைத்தியம், படியை உயர்த்துவது. ஒரு பொருளுக்கு நிறம் இருக்கிறது என்றாலே அது ஏதோ ஒளியை விழுங்குகிறது என்று அர்த்தம். பென்டசீன் கருநீலம், சிவப்பு, ஆரஞ்சு ஒளியை விழுங்கும். அதன் படி சுமார் 1.8 எலக்ட்ரான் வோல்ட். 2007-இல் ஹிரோஷிமா பல்கலைக்கழகத்தின் தகிமியா குழுவினர் டி.என்.டி.டி. என்ற மூலக்கூறை அறிவித்தார்கள். அதன் படி ஏறக்குறைய 3. நிறம் மஞ்சள், நீலம், ஊதா ஒளியை மட்டுமே விழுங்கும். காற்றிலும் நன்றாகத் தாக்குப்பிடித்தது. டோக்கியோவின் 3 கிராம் மின்சுற்றில் இருந்ததும் இதுதான். பழைய போட்டோ ஸ்டுடியோக்களின் இருட்டறையில் சிவப்பு பல்பு எரியும், ஞாபகம் இருக்கிறதா? போட்டோக் காகிதம் சிவப்பைப் 'பார்க்காது', அதனால் கெடாது. அதே தத்துவம்தான். ஆனால் வெயிலில் நீலமும் உண்டே! எனவே இது அரை வைத்தியம்.

இரண்டாவது, பொறியை அகற்றுவது. ஹைட்ராக்சில் இல்லாத பாலிமரையோ, ஃப்ளூரின் கலந்த பிளாஸ்டிக்கையோ காப்புப் படலமாக வைத்தால் எலக்ட்ரான் சிக்குவது குறைகிறது. வெளிச்சம் போனதும் டிரான்சிஸ்டர் பழைய நிலைக்கு விரைவாகத் திரும்புகிறது.

மூன்றாவது, மூலக்கூறுக்குக் கவசம். 2001-இல் கென்டக்கி பல்கலைக்கழகத்தின் ஜான் ஆன்டனி, பென்டசீனின் இரு புறமும் சிலிக்கான் கொண்ட பக்கக் கிளைகளைச் சேர்த்தார். கரையவும் செய்தது, ஒளியிலும் காற்றிலும் பல மடங்கு அதிக நேரம் நிலைத்தது.

நான்காவது, உள்ளே ஒளிந்திருப்பதைத் துரத்துவது. பாலிமர்ப் படலத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழிகள் உண்டு. அவற்றில் நீர் தங்கி வேலையைக் கெடுக்கிறது. அந்தக் குழிகளைச் சிறு மூலக்கூறுகளால் நிரப்பினால் டிரான்சிஸ்டர் நிலையாக ஓடுகிறது என்று 2017-இல் கேம்பிரிட்ஜின் சிரிங்ஹாஸ் குழு காட்டியது. இது நேரடியாக ஒளிக்கான மருந்து இல்லை. ஆனாலும், மேலே பூசுவதைவிட உள்ளே சரிசெய்வதே மேல் என்ற அதே வழியைச் சேர்ந்தது.

குறையே குணமாக

போஸ் செய்ததைப் போலவே, இந்தக் குறையைக் குணமாகப் பார்த்தவர்களும் உண்டு. பெங்களூரு ஜக்கூரில் உள்ள ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆராய்ச்சி மையத்தில் கே.எஸ். நாராயணும் அவருடைய சக ஆய்வாளரும் 2001-இலேயே, பாலிமர் டிரான்சிஸ்டரில் ஒளி பட்டால் மின்னோட்டம் பல மடங்கு கூடுவதை அளந்து வெளியிட்டார்கள். 'ஒளிக்குப் பதில் சொல்லும் டிரான்சிஸ்டர்' என்றே அதை அழைத்தார்கள். பின்னர் 2014-இல் நாராயண் குழு, இஸ்ரேலிய ஆய்வாளர்களோடு சேர்ந்து, இன்னும் பார்வை வராத கோழிக்குஞ்சுக் கருவின் விழித்திரையை ஒளி உணரும் பாலிமர்ப் படலத்தோடு இணைத்தது. படலத்தில் ஒளி பட்டபோது விழித்திரையின் நரம்புகள் பதில் கொடுத்தன. கலீனாவைச் செயற்கைக் கண்ணாகப் பார்த்த போஸ் இதைக் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

இரண்டு வேலையும் ஒரே அறிவிலிருந்துதான் வருகின்றன என்பதைக் கவனியுங்கள். எலக்ட்ரான் எங்கே சிக்குகிறது என்று தெரிந்தவர்தான் அதைச் சிக்காமல் செய்யவும் முடியும், வேண்டும் என்றால் சிக்கவைத்து ஒளி உணரும் கருவியாக்கவும் முடியும்.

இது நமக்கு எதற்கு?

'ஏதோ வெளிநாட்டு ஆய்வுக்கூடச் சமாசாரம், நமக்கென்ன' என்று சிலர் நினைக்கலாம். நமக்குத்தான் அதிகம். மலிவான அச்சு மின்னணுவியல் உண்மையில் யாருக்கு வேண்டும்? மீன் கூடையின் மேல் ஒட்ட வேண்டிய வெப்பக் காட்டி ஹௌராப் பாலத்தடியில் வெயிலில் கிடக்கும். வயலில் ஈரம் பார்க்கும் தாள் நாள் முழுதும் சூரியனைப் பார்த்தபடி இருக்கும். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் நிலத்தில் சுமார் 1000 வாட் ஒளியாற்றல் கொட்டுகிறது. குளிர்நாட்டு ஆய்வுக்கூடத்தின் இருட்டுப் பெட்டிக்குள் அளந்து, 'நன்றாக வேலை செய்கிறது' என்று எழுதினால் நம் ஊருக்கு அது பாதி உண்மைதான். கூடவே நம் கொல்கத்தாவின் ஈரக்காற்று வேறு!

ஆகவே, கரிம டிரான்சிஸ்டரைப் பற்றி எந்தச் செய்தி படித்தாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். வெளிச்சத்தில் அளந்தார்களா? வெளிச்சத்தை அணைத்த பிறகு எவ்வளவு நேரத்தில் பழைய நிலைக்கு வந்தது? காற்றிலும் ஈரத்திலும் எத்தனை நாள் தாங்கியது? நம் சங்கத்துப் பிள்ளைகளில் இயற்பியலோ வேதியியலோ படிப்பவர்கள் இருக்கிறார்கள். ஒருமுறை ஆச்சார்ய பிரபுல்ல சந்திர சாலையில் உள்ள போஸ் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய்வாருங்கள். இந்தக் கேள்விகளுக்கு விடை தேடும் வேலை இதே ஊரில்தான், ஒரு கலீனாத் துண்டில் தொடங்கியது.

தாதா இப்போது இல்லை. கடை இருந்த இடத்தில் செல்பேசி விற்கிறார்கள். அந்த ஓ.சி.71 மட்டும் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது, அவர் வைத்த பெயின்டோடு.